கட்டபொம்மனைப் படிச்சி ஜாக்ஸன் ஆகப் போறியாலே?

ஏலே பேராண்டி, அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் கவுத்தி வையி. பாளையக்காரர் கிளர்ச்சிக்கு மஞ்சக் கலர்ல ஒரு கோடு, பச்சைக் கலர்ல ஒரு கோடு, ரோஸ் கலர்ல ஒரு கோடுன்னு போட்டுப் போட்டு, இப்பம் கோடு இல்லாத வரி எதுன்னு பூதக்கண்ணாடி வச்சித்தான் தேடணும். எது முக்கியம்னு தெரியாதவன்தான் எல்லாத்துக்கும் கோடு போடுவான். உன்னைச் சொல்லலலே, பொதுவாச் சொன்னேன்.

குரூப் ஒன்னு எழுதப் போறேன்னு சொல்லுதே. சந்தோசம். முதநிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, அப்புறம் நேர்காணல். மூணையும் தாண்டிட்டா துணை ஆட்சியர். உங்கம்மை இப்பமே பாதி ஊருக்குச் சொல்லி முடிச்சிட்டா. மீதிப் பாதிக்கு அந்தப் பாதி சொல்லிட்டு. நானும் டீக்கடையில நாலு பேருகிட்ட, 'எம் பேரன் கலெக்டருக்குப் படிக்கான்'னுதான் சொல்லுதேன். அந்தத் 'துணை'யை நான் எதுக்குச் சொமக்கணும்?

ஆனா கலெக்டருக்குப் படிக்கிறவன் என்னதான் படிக்கான்னு எட்டிப் பாத்தா, கலெக்டரை எதுத்து நின்னவரு கதையைப் படிக்கே! இந்தக் கூத்தை எங்க போயிச் சொல்ல? ஜாக்ஸனை எதுத்த கட்டபொம்முவை மனப்பாடம் பண்ணுனவனுக்கு, ஜாக்ஸன் உக்காந்த நாற்காலியைப் பரிசாக் கொடுக்கு சர்க்காரு. கட்டபொம்மு கேள்விப்பட்டா மீசையைத் தடவிச் சிரிப்பாரு. ஜாக்ஸன் கேள்விப்பட்டா உனக்கு முந்தி விண்ணப்பம் போட்டிருப்பான்.

சரி, பாடத்துக்கு வருவோம். செவுத்துல ஒட்டியிருக்கியே சார்ட்டு, அதை நானும் படிச்சேன். 1799 செப்டம்பர் 5, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைத் தாக்குதல். செப்டம்பர் 13, நாகலாபுரத்துல கட்டபொம்மு மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளைக்கு மரண தண்டனை. அக்டோபர்ல கயத்தாறு. அந்தக் கயத்தாறு 16-ஆ 17-ஆன்னு நீயும் உன் சேக்காளியும் நேத்து ராத்திரி முழுக்க மல்லுக்கு நின்னியளே! ஒரு புஸ்தகத்துல இப்படி இருக்கு, இன்னொண்ணுல அப்படி இருக்கு, ஆன்சர் கீயில எப்படி வருமோன்னு ஒரே தர்க்கம். பாவம், அந்த மனுசனை ரெண்டு நாளும் தூக்குல போட்டுட்டுத்தான் படுக்கப் போனிய. எதுக்குத் தூக்குல போட்டாவன்னு ரெண்டு பேருல ஒருத்தன் வாயும் தொறக்கல.

தேதி வேண்டாம்னு சொல்லல. வேணும். ஆனா நூறு ஆட்டை மேய்க்கிறவன் நூறையும் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டா நடக்கான்? முன்னால போற கெடாவை ஓட்டுனா மத்தது தன்னால பின்னால வரும். 'ஏன்'ங்கிறதுதாம்லே அந்தக் கெடா.

ஆற்காட்டு நவாபு முகமது அலியில ஆரம்பி. பட்டத்துச் சண்டைக்குக் கம்பெனிப் பட்டாளத்தைத் துணைக்குக் கூப்பிட்டாரு. வந்தவன் சும்மாவா வருவான்? செலவுக்குக் கணக்கு எழுதுனான். நவாபு அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குனாரு. வட்டி குட்டி போட்டு, கழுத்து வரைக்கும் வந்து, கடைசில 1792-ல ஒரு உடன்படிக்கை ஆச்சி. பாளையக்காரங்ககிட்ட கிஸ்தி வசூலிக்கிற உரிமை கம்பெனி கைக்குப் போயிட்டு. கடன் பட்டவரு சேப்பாக்கம் மாளிகையில சாஞ்சி உக்காந்திருக்காரு; கட்டச் சொல்லி ஓலை வருதது பாஞ்சாலங்குறிச்சிக்கு. இது புரிஞ்சா, 'பாளையக்காரர் கிளர்ச்சிக்கான காரணங்கள் யாவை'ன்னு கேட்டா நீ முழிக்க மாட்டே.

அடுத்தது, கோட்டை மேல பட்டாளம் ஏன் 1799-ல வந்தது? மனக்கசப்பு 1798-லயே முத்திட்டே. அப்பம் கம்பெனிக்கு மைசூரு பக்கம் சோலி கெடந்தது. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு விழுந்தாரு. எண்ணி நாலே மாசம். செப்டம்பர் 5-ம் தேதி மேஜர் பானர்மேன் நம்ம கரிசக்காட்டுல வந்து நிக்கான். அங்க கை ஒழிஞ்சது, இங்க கை நீண்டது. இந்த ஒண்ணைப் பிடிச்சிக்கிட்டா, 'காலவரிசைப்படுத்துக'ன்னு எவன் எப்படிக் கலைச்சிப் போட்டாலும் நீ அடுக்கிருவே. உன் ரோஸ் கலரு மையும் மிச்சம்.

இப்பம் ஜாக்ஸனுக்கு வருவோம். உன் நோட்ஸுல அவனுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கே. தப்புலே. கட்டபொம்மு உனக்குப் பாடம். ஜாக்ஸன் உனக்கு சீனியரு. சீனியரு எப்படி வேலை பாத்தான்னு தெரியாம அந்த நாற்காலியில போயி உக்காரலாமா?

1798 ஆகஸ்ட் 18-ம் தேதி அவன் ஒரு கடுதாசி எழுதுனான், ராமநாதபுரத்துல வந்து என்னைப் பாருன்னு. கட்டபொம்மு பொறப்பட்டாரு. ஐயா குற்றாலத்துல இருக்காவன்னு கேட்டு அங்க போனா, இங்க பாக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனா, இங்கயும் முடியாது. ராமநாதபுரம்னா ராமநாதபுரந்தான். கலெக்டரு முன்னால போறான். பாளையக்காரரு பரிவாரத்தோட வெயிலு பாக்காம, தூசி பாக்காம பின்னால போறாரு. ஒரு வழியா செப்டம்பர் 10-ம் தேதி ராமலிங்க விலாசம் அரமனையில பேட்டி கெடைச்சது. உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லல. மூணு மணி நேரம் நிக்க வச்சிப் பேசுனான்.

மூணு மணி நேரம்! உன் பரீச்சையும் மூணு மணி நேரந்தானே? உனக்கு உக்கார பெஞ்சாவது போடுதாவ.

குற்றாலத்துல நேருக்கு நேரா வந்து நிக்கிற ஆளை ராமநாதபுரத்துல வந்து பாருன்னு சொல்லுததுல என்ன நிர்வாகம் இருக்குன்னு நீ சிரிக்கே. சிரிக்காத. 'இது இந்த செக்ஷன் இல்ல, மாடியில போயிப் பாருங்க'ங்கிற மந்திரத்துக்கு அதுதான் முத உச்சாடனம்.

கணக்கையும் பாத்துக்கோ. 1798 மே 31 வரைக்கும் பாக்கி 3,310 வராகன். ராமநாதபுரத்துல ஏட்டை விரிச்சிக் கூட்டிக் கழிச்சா, மிச்சம் நின்னது 1,080 வராகன். அப்பம் பெரும்பங்கு கட்டியாச்சி. கட்டுனவரைத்தாம்லே நிக்க வச்சான். கட்டாதவனை எந்த ஆபீசுலயும் நிக்க வைக்க முடியாது. அவன் அந்தப் பக்கமே வரமாட்டானே! ஒழுங்கா வரி கட்டுதவன், ஒழுங்கா ரசீது வச்சிருக்கவன், ஒழுங்கா காலையில பத்து மணிக்கே வந்துருதவன் — அவன்தான் இந்த ராச்சியத்துல எந்தக் காலத்துலயும் நிக்கான்.

பேட்டி முடியுறதுக்குள்ள பிடிச்சிக் கட்டப் பாத்தான். கைகலப்பு ஆச்சி. லெப்டினன்ட் கிளார்க் செத்தான். சிவசுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கிட்டாரு. கட்டபொம்மு தப்பி ஊருக்கு வந்து என்ன செஞ்சாரு? உடனே வாளை உருவுனாருன்னுதானே நெனைக்கே? இல்லலே. மெட்ராஸ் கவுன்சிலுக்கு மனு எழுதுனாரு! நம்மளை மாதிரியே முறைப்படி மனு.

நம்ம மனுவுக்கு இல்லாத யோகம் அதுக்கு இருந்தது. விசாரிக்கக் கமிட்டி போட்டாவ: வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர். இதுக்கு நீ 'பி.ஓ.சி.'ன்னு ஷார்ட்கட் வச்சிருக்கே. ஓட்டப்பிடாரத்துப் பக்கம் பொறந்துட்டு வி.ஓ.சி.யை விட்டு பி.ஓ.சி.யைக் கும்பிடுதே, நல்லாயிரு. அந்தக் கமிட்டி கட்டபொம்மு மேல குத்தம் இல்லைன்னு சொல்லிட்டு. பிள்ளையை வெளிய விட்டாவ. ஜாக்ஸனுக்கு வேலை போச்சி. அந்த எடத்துக்கு லூஷிங்டன் வந்தான். மனுப் போட்டுக் கலெக்டரை மாத்துன ஆளுலே அவரு! இதை யாராவது டெஸ்ட் பேட்ச்சுல உனக்குச் சொன்னானா?

அப்பம் அதோட முடிஞ்சிருக்கணுமே? முடியல. கம்பெனி ஆளைத்தான் மாத்துச்சி; நோக்கத்தை மாத்தல. பாளையக்காரன் கையில கோட்டை, ஆயுதம், காவல் வருமானம்னு மூணும் இருக்கிற வரைக்கும் கம்பெனிக்குத் தூக்கம் வராது. அதனால, நிக்க வச்சதுக்காகத்தான் சண்டைன்னு முதன்மைத் தேர்வுல எழுதி வச்சிராத, மார்க்கு போட மாட்டான். கிஸ்தி, காவல் உரிமை, எல்லைத் தகராறு, மைசூருப் போரு எல்லாத்தையும் எழுது. எழுதி முடிச்சிட்டு, அந்த மூணு மணி நேரத்தை மட்டும் உன் மனசுல வச்சிக்கோ. அதுக்கு மார்க்கு கெடையாது. ஆனா வேலைக்குப் போன பொறவு அதுதான் தினசரிப் பாடம்.

சினிமா விசயத்துலயும் உஷாரா இரு. 1959-ல 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தப்ப, டென்ட் கொட்டகையில மண்ணைக் குவிச்சி மேடாக்கி உக்காந்து பாத்தவன் நான். சிவாஜி பேசப் பேச எங்களுக்கு மயிர்க்கூச்செறிஞ்சி போச்சி. வரி பாக்கி வச்சிருந்தவன் அத்தனை பேரும் தியாகியான நெனப்புல நெஞ்சை நிமுத்திக்கிட்டு வீட்டுக்கு வந்தான். பெரிய மனுசன் சிவாஜி. நடிச்சதோட விடாம கயத்தாத்துல தானே எடம் வாங்கிச் சிலையும் வச்சாரு. ஆனா அந்தப் படத்தைப் பாத்தவன், கட்டபொம்மு சல்லிக்காசு கட்டலைன்னு சத்தியம் பண்ணுவான். ஏட்டுல பாத்தா 1,080 வராகந்தான் பாக்கி. கேள்வி எடுக்கிறவனும் அதே படத்தைப் பாத்தவன்தாம்லே. நீ எங்க வழுக்குவேன்னு அவனுக்கு நல்லாத் தெரியும்.

உங்க கேள்வியில 'கூற்று, காரணம்'னு ஒண்ணு வருதே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நானும் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. கூற்று: பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்த கிழவன், ஆபீசு வேப்பமரத்தடியில சாயங்காலம் வரைக்கும் நிக்கான். காரணம்: ஐயா மீட்டிங்குல இருக்காவ. நீ யோசிக்காம, 'கூற்று சரி, காரணமும் சரி, காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம்'னு வட்டத்தைக் கறுப்பாக்குவே. போச்சி ஒன்றரை மார்க்கு! கூற்று சரி. காரணமும் சரி, மீட்டிங்கு நெசந்தான், வடை உள்ள போனதை நானே பாத்தேன். ஆனா அது சரியான விளக்கம் இல்ல. மனு மேசையில பத்திரமா இருக்கிற வரைக்கும் கிழவன் எங்க நின்னா என்னங்கிறதுதான் விளக்கம். அது நாலு விடையிலயும் இருக்காது.

அஞ்சாவதா ஒரு வட்டம் வச்சிருக்கானாமே, 'விடை தெரியவில்லை'ன்னு? கடைசில ஏ எத்தனை, பி எத்தனை, தெரியாதது எத்தனைன்னு எண்ணி வேற எழுதணுமாமே? அந்த வட்டத்தை நல்லாத் தடவிப் பாத்துக்கோ. சர்க்காரு வேலைக்குப் போற பாதையில, தெரியலைன்னு ஒத்துக்கிட உனக்குக் கெடைக்கிற கடைசி எடம் அதுதான். உள்ள போயிட்டா அந்த வட்டம் கெடையாது. தெரியலைன்னாலும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னுதான் எழுதுவே.

கட்டபொம்மு தம்பி ஊமைத்துரைக்கு உன் சார்ட்டுல மூணு தேதி இருக்கு. 1801 பிப்ரவரியில பாளையங்கோட்டைச் சிறையில இருந்து தப்புனாரு. மே 24-ல கோட்டை விழுந்தது. நவம்பர் 16-ல தலையை வெட்டுனாவ. நடுவுல என்ன நடந்ததுன்னு தெரியுமா? இடிச்சிப் போட்ட கோட்டையைச் சில நாளுக்குள்ள ஊரே கூடிக் கட்டிட்டு. தரைமட்டமாக் கெடக்கும்னு நெனச்சி வந்த பட்டாளம், நிமுந்து நின்ன மதிலைப் பாத்து வாயைப் பொளந்துட்டு. மாசக்கணக்கா முட்டித்தான் அதைப் பிடிச்சான்.

பிடிச்ச அன்னைக்கு ஊமைத்துரை காயம்பட்டுப் பொணத்தோட பொணமாக் கெடந்தாரு. ராத்திரியில மகனைத் தேடிக்கிட்டு ஒரு தாயி வந்தா. மகன் குத்துயிரும் கொலையுயிருமாக் கெடக்கான். 'என்னை விடு, சாமியைக் காப்பாத்து'ங்கிறான். பெத்த மகனை அங்கனயே விட்டுட்டு, துணைக்கு வந்தவளோட சேந்து ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா. பொழுது விடிஞ்சா தேடுத படை வாசல்ல நிக்கு. பொம்பளைய என்ன செஞ்சாளுவ தெரியுமா? அவரு மேல ஒரு துணியைப் போத்திட்டு, ஒப்பாரி வச்சிட்டாளுவ. என்னன்னு கேட்டவனுக்கு, அம்மை போட்டுச் செத்துட்டான்னு சொன்னாளுவ. அம்மைன்னு கேட்டதும் வந்தவன் திரும்பிப் பாக்காம ஓடிட்டான்.

இதை எழுதி வச்சது யாருன்னு நெனைக்கே? எதுத்துச் சண்டை போட்ட கம்பெனிப் பட்டாளத்து ஜேம்ஸ் வெல்ஷ். 1830-ல அச்சான அவன் புஸ்தகத்துல இருக்கு. அந்தத் தாயிக்கு மட்டும் பேரு இல்ல. பேரு இல்லாதவளைப் பொருத்துக-வுல போட முடியாது, கோடிட்ட எடத்துல நிரப்ப முடியாது. அதனால உன் பரீச்சைக்கு அவ வரமாட்டா. ஆனா உன் ஆபீசுக்கு வருவா. திங்கக்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாளுன்னு வைக்காவல்ல, அங்க வருவா. பேரையும் அப்பன் பேரையும் தப்புத் தப்பா எழுதுன மனுவோட, கடைசி வரிசையில நிப்பா. அடையாளம் கண்டுக்கோ.

மிச்சத்தை நீ படிச்சிருக்கே, வேகமாப் போறேன். ஊமைத்துரைக்கு மருது சகோதரர் எடம் கொடுத்தாவ. 1801 ஜூன் 16-ல திருச்சிக் கோட்டையிலயும் ஸ்ரீரங்கம் கோயில் மதில்லயும் பிரகடனம் ஒட்டுனாவ. நோட்டிபிகேஷன்னா அதுதாம்லே நோட்டிபிகேஷன்: வயசு வரம்பு கெடையாது, சாதிச் சான்றிதழ் கெடையாது, எல்லாருக்கும் வேலை உண்டு, சம்பளம் மட்டும் இல்ல. ஜூலை 31-ல கர்நாடக உடன்படிக்கை; நவாபுகிட்ட மிச்சம் இருந்ததும் போச்சி. அக்டோபர் 24-ல திருப்பத்தூருல மருதிருவரைத் தூக்குல போட்டாவ. 73 பேரைத் தூத்துக்குடியில கப்பல் ஏத்திப் பினாங்குக்குக் கடத்துனாவ.

பாஞ்சாலங்குறிச்சியை என்ன செஞ்சாவ? கோட்டையை இடிச்சி, மண்ணை உழுது, ஆமணக்கு வெதச்சாவ. ஊரு பேரே கணக்குல இருக்கக் கூடாதுன்னு அடிச்சாவ. அந்தக் கலெக்டரு வம்சம் அடிச்ச பேரைத்தான், இன்னைக்கு அதே வேலைக்கு வாரவன் தப்பில்லாமப் படிச்சிட்டு வரணும்னு சர்க்காரு கேக்கு. அதுக்கு ஒன்றரை மார்க்கும் கொடுக்கு. 1974-ல அங்கன நினைவுக்கோட்டையும் கட்டிட்டாவ. ஆமணக்கு எங்க போச்சின்னு கேளு, ஒருத்தனுக்கும் தெரியாது.

அதனால இன்னைக்கு ராத்திரி உன் நோட்ஸுல ஜாக்ஸனுக்கு இன்னும் நாலு வரி எழுது. என்ன கேட்டான், எங்கெங்க அலைய விட்டான், பாக்கி எவ்வளவு, எம்புட்டு நேரம் நிக்க வச்சான், கடைசில எப்படி வேலை போச்சின்னு எழுது. கட்டபொம்மு பேருக்குக் கீழ கோடு போடு. ஜாக்ஸன் பேரைச் சுத்தி வட்டம் போடு. பாஸாகிட்டா அந்தத் தாளைக் கிழிச்சிராத, ஆபீசு மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிக்கோ.

நீ அந்த நாற்காலியில உக்காருத அன்னைக்கு முத மனு என்னுதுதான். வேப்பமரத்தடிக் கிழவன் யாருன்னு நெனச்சே? பட்டா இன்னும் எங்க அப்பன் பேருலதாம்லே கெடக்கு. நான் வரும்போது ஐயா மீட்டிங்குல இருக்காவன்னு மட்டும் சொல்லச் சொன்னே, நான் மெட்ராஸ் கவுன்சிலுக்கெல்லாம் எழுத மாட்டேன். நேரே உங்கம்மைகிட்ட சொல்லிருவேன். அங்க விசாரணைக் கமிட்டி கெடையாது, தீர்ப்பு மட்டுந்தான்.